ஊசிக்கு முன் மூன்று படங்கள்

ஜூலை 4, 1988. திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. காயப் போட்ட, கைக்குழந்தை தம்பியின் துணிகள் பறந்து பக்கத்துக் காட்டு வேலியில் மாட்டிக்கொண்டன. எடுக்கப் போகவில்லை. சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெறும் வயிறு. காபி கூட இல்லை. புதுச்சத்திரத்தில் ஏறியதும் எனக்கு இடம் கிடைத்தது, இவர் நின்றுகொண்டே வந்தார். வலது விலாவுக்குக் கீழே அந்த வலி, தம்பி பிறந்ததிலிருந்தே விட்டு விட்டு. பித்தப்பையில் கல் இருக்கும், ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று ஊர் டாக்டர் அனுப்பினார். கல்லாக இருந்திருந்தால் தேவலை.

ஸ்கேன் அறை இருட்டு. வயிற்றில் ஜில்லென்று ஒரு பசை. டாக்டர் சின்ன வயதுக்காரர். "மூச்ச இழுத்துப் புடிங்க. விடுங்க. மறுபடி." டி.வி. பெட்டியில் சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரி. பி.எஸ்ஸி. விலங்கியலில் வௌவால் படித்தது ஞாபகம் வந்தது. சத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பார்ப்பது. சொன்னேன். "அதேதாங்க" என்று சிரித்தார். பிறகு ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

கல் இல்லை. ஈரலில் வலது பக்கம், வெள்ளையாக, உருண்டையாக ஒன்று. எலுமிச்சம்பழ அளவு.

"என்னங்க டாக்டர் அது?" இவர் கேட்டார்.

"கட்டிங்க. ஓரம் சுத்தமா இருக்கு. ரத்தக்குழாய் சுருண்டு கெடக்கற கட்டியா இருக்கலாம். அது ஒண்ணும் பண்ணாது. வேற மாதிரியும் இருக்கலாம். கட்டி இருக்குன்னு இந்த மிஷின் சொல்லும். என்ன கட்டின்னு சத்தியம் பண்ணாது."

இவர் பணம் கட்டப் போன பிறகு என்னிடம் மட்டும்: "ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா அவசரப்படாதீங்க. ரத்தக் கட்டியா இருந்தா குத்தின எடத்துல ரத்தம் நிக்கறது கஷ்டம். கோயமுத்தூர்ல சி.டி. ஸ்கேன் வந்திருக்கு. சாயம் குடுத்து எடுத்துப் பாத்துட்டு மத்ததெல்லாம்."

ரிப்போர்ட்டில் இரண்டு பெயர். இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. ஒன்று ஹீமாஞ்சியோமா. மற்றதை எழுதப் போவதில்லை.

மூத்தவள் கவிதாவுக்கு ரிப்பன் வாங்கினேன். தம்பிக்கு கிரைப் வாட்டர். அத்தை, இவருடைய அம்மா, சொன்ன சுண்ணாம்பு டப்பி மறந்துவிட்டது.

ஜூலை 5, செவ்வாய்

மறுபடி சேலம். இன்று இவருடைய அண்ணனும் கூட, வீட்டில் எல்லோருக்கும் 'பெரியவர்'. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த அதே சர்ஜன். நர்சிங் ஹோம் வாசலிலேயே அவருக்கு வரவேற்பு, பழைய சிநேகம்.

சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவ்வளவு நேரம் கூடப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை வாங்க. சின்ன ஊசி. ஒரு துளி எடுத்து அனுப்பிட்டா தெரிஞ்சு போயிரும். காலைல வந்தா சாயங்காலம் போயிரலாம்."

சி.டி. பற்றி நான் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அதுவும் படந்தானேம்மா. எத்தனை படம் எடுத்தாலும் சதையப் பாத்தாத்தான் முடிவு."

வரும்போது பஸ்ஸில் இவரிடம் சொன்னேன், ஸ்கேன் டாக்டர் சொன்னதை. இவர் அண்ணனைப் பார்த்தார்.

பெரியவர்: "படம் புடிக்கறவன் பேச்சையும் அறுக்கறவன் பேச்சையும் ஒண்ணா வெப்பீங்களா? போட்டோ புடிக்கறவன் கிட்டவா போயி ஜாதகம் கேப்பாங்க?"

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். இவரும் லேசாகச் சிரித்தார். கோபம் இல்லை இவர் மேல். அண்ணன் சொன்னால் இவருக்கு அது முடிந்த விஷயம். டயர் கடை வைத்தது, கல்யாணம் செய்தது, எல்லாம் அப்படித்தான். ஆனால் ஈரல் என்னுடையது.

ஜூலை 7, வியாழன்

தூக்கம் இல்லை. தம்பிக்கு எட்டு மாதம். என் கழுத்தடியில் மூக்கை வைத்துக்கொண்டால்தான் தூங்குகிறான். நான் இல்லாவிட்டால் யார் கழுத்து? கவிதா பெரிய பெண், நாலு வயது, சமாளிப்பாள். இவனுக்கு என் முகம் கூட நிற்காது. இப்படியெல்லாம் போகிறது புத்தி. போகாதே என்றால் கேட்கிறதா.

கல்லூரியில் தவளையை அறுத்தபோது ஈரல்தான் முதலில் தெரியும். பெரிதாக, காபிப்பொடி நிறத்தில், பளபளவென்று. அதன்மேல் ஊசி பட்டால் எப்படிக் கசியும் என்று பார்த்திருக்கிறேன். நிற்காமல் வரும். பஞ்சை வைத்து அழுத்துவோம்.

மறுபடி சொல்லிப் பார்த்தேன், சாப்பாடு போடும்போது. "ஏனுங்க, கோயமுத்தூர் ஒரு தடவை போய் வந்துரலாமுங்களா?" இவர்: "அண்ணன் டாக்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டாரு அம்முணி. ஒரு ஊசிதான." ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அத்தை மட்டும் எதிலும் சேரவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தவர் கடைசியில்: "உடம்புல ஆயுதம் படறதுக்கு முன்னால அம்மங்கிட்ட பூ கேக்காம நம்மூட்டுல எதும் பண்ணதில்ல. கெணறு வெட்டறதுக்கே கேட்டோம். நாளைக்கு வெள்ளிக்கெழம. கேட்டுப் போடலாம்."

பெரியவர் அதற்கு மறுப்பு சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். கிணறு அவர் வெட்டியதுதான்.

ஜூலை 8, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வழக்கம் இதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்க வேண்டும். அம்மன் காலடியில் வைத்து வேண்டிக்கொண்ட பிறகு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம்.

அத்தை வெள்ளை, சிவப்பு இரண்டு அரளியும் பறித்து வந்து முறத்தில் வைத்தார். அதற்குள் தோட்டத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, "நீ மடிச்சு வையி சாமி, வாழையெல அங்கயே இருக்குது" என்று போய்விட்டார்.

இரண்டிலும் சிவப்பே வைத்து மடித்தேன்.

வெள்ளை அரளியை மாட்டுத் தொட்டியில் போட்டேன், அரளி மாட்டுக்கு ஆகாது என்று நினைவு வந்து ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

கோயிலில் எல்லோரும். பூசாரி கேட்டார், "என்னன்னு கேக்கோணும்?" பெரியவர் சொன்னார்: "திங்கக்கிழம ஊசிக்கு உத்தரவான்னு கேளுங்க." கவிதா ஒன்றை எடுத்தாள். பிரித்தார். சிவப்பு.

பெரியவர் முகம் சுண்டிவிட்டது. இவர் கும்பிட்டபடியே நின்றார். "அப்ப ஊசி வேண்டாங்கறா ஆத்தா" என்றார் அத்தை. யாரும் எதுவும் சொல்வதற்குள் நான் சொன்னேன், இந்த முறை குரல் கேட்டது: "கோயமுத்தூர்ல ஊசி இல்லாம பாப்பாங்களாமுங்க அத்தை."

"அப்பறமென்ன. அங்க போங்க."

மற்றப் பொட்டலம் பூசாரி பிரிக்கவில்லை. நல்லவேளை. அத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆற்றில் விடுவார் போல.

அம்மன் மன்னிக்கட்டும். ஒரு பெண்பிள்ளையின் பாடு அவளுக்குத் தெரியும்.

ஜூலை 9, சனி

பெரியவர் சர்ஜனுக்கு போன் செய்ய நாமக்கல் போனார். "பூ சொல்லிருச்சு, நான் என்னத்தச் சொல்லட்டும்" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டு.

எடுத்து வைக்க: தம்பி துணி, பால் புகட்டும் பாலாடை, டின் பால், ஃபிளாஸ்க், சேலம் படங்கள், மஞ்சள் கயிறு (ஸ்கேனுக்குத் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களாம், அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்). கவிதா பெரியவர் வீட்டில். அங்கே அக்கா, அவர் மனைவி, பார்த்துக்கொள்வார்.

கவிதா: "அம்மா, ஊசி போட்டா அழுவியா?"
"ஊசி இல்லடி கண்ணு. போட்டோ."
"அப்ப பவுடர் போட்டுட்டுப் போ."

ஜூலை 11, திங்கள். கோயமுத்தூர்

லாட்ஜ். ஜன்னலுக்குக் கீழே ஒரு பேக்கரி, நாள் முழுக்க பன் வாசனை. கூட வந்திருக்கும் அத்தை மூக்கைச் சுருக்குகிறார்.

பெரிய ஆஸ்பத்திரி. லேடி டாக்டர், படம் பார்ப்பதற்கென்றே படித்தவர். சேலம் படத்தை நிறைய நேரம் பார்த்தார். முதலில் ஐசோடோப் ஸ்கேன், பிறகு சி.டி. என்றார்.

ஐசோடோப் என்றால்: கையில் ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். அதில் கொஞ்சம் கதிர் உண்டு. நல்ல ஈரல் அந்த மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டி மாதிரி ஒரு பெரிய கேமரா வந்து நிற்கிறது. சத்தம் இல்லை, தொடுவதும் இல்லை. திரையில் புள்ளி புள்ளியாக என் ஈரல் நிறைந்துகொண்டு வந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் புள்ளியே விழவில்லை. கோலத்தில் கால் வைத்து அழித்த மாதிரி. கேமராவை ஓட்டிய பையனிடம் கேட்டேன். "டாக்டர் சொல்லுவாங்கம்மா" என்று திரும்பிக்கொண்டான்.

கொடுமை அதற்குப் பிறகுதான். இன்று குழந்தையைத் தூக்கக் கூடாது. பால் கொடுக்கக் கூடாது. மருந்து உடம்பில் இருக்கிறதாம். பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்.

லாட்ஜுக்கு வந்தால் தம்பி கையை நீட்டிக்கொண்டு என்னிடம் பாய்கிறான். நான் அறையின் அந்தக் கோடியில். இவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார், நடந்தார். பாலாடையைத் தட்டிவிட்டான். மார் கல்லாகக் கனக்கிறது. குளியலறையில் கொட்டும்போது அழுதேன். பால் வீணாவதற்கா, ஈரலில் தெரிந்த அந்த ஓட்டைக்கா, தெரியவில்லை.

ஜூலை 12, செவ்வாய்

காலையில் டாக்டரம்மா: "ஐசோடோப்ல அந்த எடம் காலியா இருக்கு. மருந்து எடுக்கல."

"அப்படின்னா அதுதானுங்களா?" இவர் குரல் உடைந்துவிட்டது.

"எதுன்னும் இல்லைங்க. அங்க நல்ல ஈரல் இல்ல, வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம். ரத்தக் கட்டி, சீழ்க் கட்டி, கெட்ட கட்டி, எல்லாமே இதுல ஓட்டையாத்தான் தெரியும். சி.டி. மத்தியானம்."

மத்தியானம் வரை வராந்தா பெஞ்சு. இவர் தம்பியோடு கீழே. என் மண்டைக்குள் ஒரே கணக்கு. ஊசியே போட்டிருந்தால் நேற்றே சதை பரிசோதனைக்குப் போயிருக்கும், தெரிந்திருக்கும். நான்தானே தள்ளிப் போட்டேன். கெட்டதாக இருந்தால், தாமதமும் என் கையால்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கை வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"அன்னைக்கு அந்த இன்னொண்ண ஊட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தேன்."

பாக்குவெட்டியை மடியில் வைத்தார்.

"அதுலயும் செவப்பு. கோவந்தான் வந்துச்சு. இருக்காதா? அப்பறம் நெனச்சேன், இந்தப் புள்ள வாயத் தொறந்து சொன்னப்ப இந்த ஊட்டுல யாரு காது குடுத்துக் கேட்டோம்? நானுந்தான் கேக்கல."

"அத்தை..."

"இரு. நான் தனியாப் போயி ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உம்பேரையும் சேத்துத்தான். ஆனா ஒண்ணு சாமி, பூசாரி ரெண்டையும் பிரிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே? படிச்ச புள்ள, இத யோசிக்க வேண்டாமா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதிர்ப் பெஞ்சு அம்மாள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு "அழாதீங்க, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார்கள்.

சி.டி.: பெரிய வளையம். அதற்குள் கட்டிலோடு போக வேண்டும். கொடியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தேன், மஞ்சள் கயிறு ஏறியது. கையில் சாயம் ஏற்றியதும் உடம்பெல்லாம் குப்பென்று சூடு, வாயில் இரும்பு ருசி. மூச்சைப் பிடி, விடு. எடுத்தாயிற்று என்று நான் எழப் பார்த்தேன். "அசையாதீங்க. இனிமேத்தான் முக்கியம்." அதே இடத்தை விட்டு விட்டு மறுபடி, மறுபடி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. இது கெட்ட சகுனம் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இன்றும் பால் கிடையாது, சாயத்தால். ஆனால் தூக்கலாம். தூக்கினேன். கோபம் துரைக்கு. முகத்தை இவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜூலை 13, புதன்

ஒன்றும் இல்லை.

மறுபடி எழுதிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா படங்களை வெளிச்சப் பெட்டியில் வரிசையாகச் செருகி என்னையே கூப்பிட்டார். "நீங்க விலங்கியல்னு சொன்னீங்கள்ல, வந்து பாருங்க."

முதல் படம், சாயத்துக்கு முன்: ஈரலில் கறுப்பாக ஒரு வட்டம். அடுத்தது: வட்டத்தின் ஓரத்தில் மட்டும் வெள்ளை மணிகள், கோத்த மாதிரி. அதற்கடுத்தது: மணிகள் உள்ளே நகர்ந்திருக்கின்றன. கடைசியில் வட்டமே இல்லை. முழுக்க வெள்ளை, பக்கத்து ரத்தக்குழாய் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு.

"ஓரத்துலேர்ந்து நடுவுக்கு மெதுவா ரொம்புது பாருங்க. கெட்ட கட்டி பெரும்பாலும் சட்டுனு சாயத்த வாங்கி சட்டுனு விட்டுடும். இது மெல்ல வாங்கி வெச்சுக்குது. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். அதனாலதான் நேத்து அத்தனை தடவை எடுத்தோம். சட்டுனு எடுத்து முடிச்சிருந்தா தெரிஞ்சிருக்காது."

"ஊசி..." என்றேன்.

"இதுல யாரும் ஊசி வெச்சுடாதீங்க."

இவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அத்தை என் கையைப் பிடித்தார், விடவில்லை, நகம் பதிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அப்ப வலி?" இவர்.

"கொழந்தைய எந்த இடுப்புல வெப்பீங்க?"

வலது. எப்போதும் வலது. இடது கையில்தான் எனக்கு வேலை ஓடும்.

"மாத்தி மாத்தி வெய்யுங்க. விலாத் தசை வலிதான். ஆறு மாசத்துல சேலத்துலயே ஒரு ஸ்கேன், வளரலைன்னு பாக்க. அவ்வளவுதான்."

அத்தைக்குத் திருப்தி இல்லை. "மாத்தரை?" வேண்டாம். "டானிக்கு?" வேண்டாம். "பத்தியமாச்சும் சொல்லுங்க சாமி!" எல்லாம் சாப்பிடலாம். வெளியே வந்து: "ஒண்ணுமே எழுதித் தராத டாக்டரு என்ன டாக்டரு? இத்தன தூரம் வந்ததுக்கு ஒரு பத்தியங்கூட இல்ல."

பஸ்ஸில், மறந்துவிடாமல் இருக்க:

சத்தத்தில் பார்த்தது: இருக்கிறது என்று சொன்னது. ஓரம் சொன்னது. கிட்டே, சுலபம், குழந்தையையும் பிரிக்கவில்லை. அந்தச் சின்ன டாக்டர் பாதி சரியாகச் சொல்லிவிட்டார், பாவம், கேள்விக்குறி போட்டுக்கொண்டு.
ஐசோடோப்: ஓட்டை. பயமுறுத்தியது. பெயர் சொல்லவில்லை.
சி.டி.: காத்திருந்து பார்த்தது. பெயர் சொன்னது.
ஊசி: போடாமலே தப்பித்தது.

ஈரோடு தாண்டியதும், பால் கூடாது என்று டாக்டர் சொன்ன நேரம் முடிந்துவிட்டது. முந்தானைக்குள் தம்பியை விட்டேன். மறந்திருப்பானோ என்று பயம். இரண்டு நாள் டின் பால். மூக்கை வைத்து மோந்தான். என்னை ஒரு பார்வை. பிறகு கடித்தான். நன்றாக வலித்தது. குடித்தான், குடித்தான், பள்ளிபாளையம் பாலம் வந்தது கூடத் தெரியவில்லை.

ஜூலை 16, சனி. ஆடி ஒன்று

மழை இல்லை, மேகம் மட்டும். ஆடிப் பிறப்பு வழக்கப்படி வாசலில் தேங்காய் சுடுகிற வேலை. அரிசி, வெல்லம், எள், பொட்டுக்கடலை எல்லாம் கண் வழியாக உள்ளே அடைக்க வேண்டும். என் தேங்காயில் கண் சரியாகத் திறக்கவில்லை, வெல்லத் தண்ணீர் எல்லாம் கையில்.

மூன்று நாளாக வருகிறவர்கள் போகிறவர்கள். "பூவுலயே தெரிஞ்சு போச்சாமே!" ஊரெல்லாம் அதே பேச்சு. அத்தை அப்பாவியாகத் தலையாட்டுகிறார். அம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டுதலாம். நானே போய் எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். வெள்ளைப் பூப் போட்டதாகப் பார்த்து.

பெரியவர் தேங்காய்க் குச்சியைத் தீயில் திருப்பிக்கொண்டிருந்தார். கோயமுத்தூர் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நான் விறகு போடப் போனபோது, சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில்:

"ஏம்முணி, சாப்புட்டா இங்க நெஞ்சுக்குழியில ஒரு எரிச்சலு. ஒரு மாசமா. இதுக்குச் சத்தத்துல பாக்கறதா, மருந்து ஏத்திப் பாக்கறதா, சாயங் குடுத்துப் பாக்கறதா? எது தேவலை?"

"எனக்கு ஈரல் மட்டுந்தானுங்க தெரியும்."

"வயிறு ஈரலுக்குப் பக்கத்து ஊடுதான? சொல்லேன்."

எந்த நேரம் எரிகிறது, காரம் தின்றாலா, பசித்தாலா என்று கேட்டேன். டாக்டரம்மா மாதிரியே. பதில் சொன்னார், ஒவ்வொன்றாக, மரியாதையாக. சட்டையைத் தூக்கி இடம் காட்டினார். தேங்காய் ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது, இருவரும் கவனிக்கவில்லை.

"முதல்ல ஊர் டாக்டர்கிட்டப் போங்க. இது படத்துக்குப் போற வெவகாரமான்னு அவரு சொல்லட்டும். யாராச்சும் ஊசின்னு சொன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சரின்னு சொல்லுங்க."

"கேக்கறேன்" என்றார்.

தம்பி எழுந்துவிட்டான், கூப்பிடுகிறான். வாரேன் சாமி.